பிரசவப் பை: திறக்கப்போவது நீங்கள் அல்ல

நிலாவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். முதல் பிள்ளை, இது 33ஆவது வாரம். கணவர் கட்டாரில், பிரசவத்துக்கு லீவு கிடைக்குமோ தெரியாது. பிரசவம் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில். இணையத்தில் தேடினால் அறுபது, எழுபது சாமான் போட்ட லிஸ்ட் வருகிறது. மாமியோ பிள்ளை பிறக்க முதல் ஒரு நூல்கூட வாங்கக் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, எதை எடுத்துக்கொண்டு போவது?

நான் இந்த மாவட்டத்தில் இருபத்தாறு வருஷம் மிட்வைஃப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லேபர் ரூமிலும் நின்றிருக்கிறேன், பிறகு வெளியில் வீடு வீடாகவும் போயிருக்கிறேன். அந்த லிஸ்ட்டுகளில் பிழை ஒன்றும் இல்லை, தங்கச்சி. அவை வேறு மாதிரி ஆஸ்பத்திரிக்கு எழுதியவை. அங்கே தனி அறை, பக்கத்தில் கணவர், கீழே சொந்தக் கார். நமக்கு இருப்பது பொது வார்ட், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுமாரி, மத்தியானமும் பின்னேரமும் வந்து பார்த்துவிட்டுப் போகும் சொந்தக்காரர். பெரிய பை கொண்டு போனால் அதை வைக்க இடமில்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளவேண்டும், பிறகு குனிந்து எடுக்க உங்களால் முடியாது.

ஆனால் எல்லா லிஸ்ட்டும் சொல்லாமல் விடுவது வேறொன்று. பையைக் கட்டுவது நீங்கள். திறக்கப்போவது நீங்கள் அல்ல. லேபர் ரூமில் அதைத் திறப்பவர் உங்களை முன்பின் தெரியாத ஒரு மிஸ்ஸி, அதாவது நேர்ஸ். வார்டில் உங்கள் அம்மா, இல்லாவிட்டால் மாமி. நடுச்சாமத்தில் பக்கத்துக் கட்டில் அக்கா. அவர்கள் கைக்கு ஒரு நிமிஷத்தில் அகப்படாத சாமான் பையில் இருந்தும் இல்லாததுதான்.

இதை நான் என் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் தங்கச்சியின் மகள் பிரசவத்துக்குப் போனபோது நான்தான் துணைக்கு நின்றேன். அவள் கொண்டுவந்தது சில்லு வைத்த புது சூட்கேஸ், நம்பர் லொக் போட்டது. ஊரெல்லாம் புத்தி சொன்ன நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. பிள்ளை பிறந்துவிட்டது, துணி கேட்கிறார்கள், லொக் திறக்கவில்லை. நம்பர் என்ன என்றால், உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு கிடந்தவள் "கலியாண நாள், பெரியம்மா" என்கிறாள். அந்த நேரத்தில் அந்தக் கலியாண நாள் எனக்கு நினைவில் வந்தால்தானே. கொழும்பில் இருந்த மாப்பிள்ளைக்கு ஃபோன் எடுத்தேன். அவர் ஒரு நாளைச் சொன்னார், திறக்கவில்லை. அவர் சொன்னது கலியாணப் பதிவு எழுத்து நடந்த நாள், இவள் வைத்திருந்தது தாலி கட்டிய நாள். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளையை ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி, தாயின் நெஞ்சில் போட்டாயிற்று. பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. மாப்பிள்ளைதான் இன்றைக்கும் அந்தப் பேச்சு வாங்குகிறார்.

ஆகவே சூட்கேஸ் வேண்டாம், பூட்டு வேண்டாம். வாய் அகலமான துணிப் பை இரண்டு. ஒன்று சின்னது, லேபர் ரூமுக்கு. மற்றது வார்டுக்கு. இரண்டிலும் உங்கள் பெயரை மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். உள்ளே போகும் சாமானைத் தெளிந்த பொலித்தீன் பைகளில் பிரித்துப் போடுங்கள். ஒன்றில் "பிள்ளையின் முதல் உடுப்பு", இன்னொன்றில் "அம்மாவின் மாற்று உடுப்பு" என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் சிங்களத்திலும் எழுதுவியுங்கள். திறக்கும் மிஸ்ஸி தமிழ் வாசிப்பார் என்று நிச்சயமில்லை. கட்டி முடித்த பிறகு உங்கள் அம்மாவை அழைத்து, "நான் கட்டிலில் கிடக்கிறேன், பிள்ளையின் தொப்பியை எடுங்கள் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவர் தடவிக்கொண்டு நின்றால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பரீட்சை அதுதான்.

சரி, மாமி விஷயம். அவரோடு வாதாடாதீர்கள். பிறக்க முதல் வாங்கக் கூடாது என்ற பயம் சும்மா வந்ததல்ல. வாங்கி அடுக்கிய சட்டையை வெறுங்கையோடு திரும்பி வந்து பார்த்த தாய்மார் எங்கள் பாட்டி காலத்தில் நிறையப் பேர். ஆனால் அவர் சொல்வதை வடிவாகக் கேளுங்கள். வாங்கக் கூடாது என்றுதானே சொல்கிறார், தோய்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே. பிறந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது கடைத் துணி அல்ல, பழந்துணி. பத்துத் தரம் தோய்த்து மெதுமையாகிப்போன பருத்திச் சீலை, பழைய சறம். புதுத் துணியில் இருக்கும் கஞ்சியும் சாயமும் அதில் இல்லை, ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். மாமியிடம் போய் "உங்கள் பழைய பருத்திச் சீலை ஒன்று தாருங்கள், பிள்ளைக்குக் கிழிக்கவேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். அவரே உட்கார்ந்து ஓரம் பிரித்துக் கிழித்துத் தருவார். இரண்டு பெட்டிச் சட்டை, ஒரு தொப்பி மட்டும் வேறு வீட்டில் இருந்து இரவல் வாங்கலாம். தொட்டில், வலை, சங்கிலி எல்லாம் பிள்ளை வந்த பிறகு கடையில் இருக்கத்தான் போகின்றன.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அந்தச் சீலை அலுமாரியில் எதனோடு கிடந்தது? பூச்சி வராமல் போடும் வெள்ளை உருண்டை, நப்தலின், அந்துருண்டை என்பார்களே, அதனோடு கிடந்த துணியைப் பிறந்த பிள்ளைக்குச் சுற்றாதீர்கள். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக இருக்கும், பார்த்தால் தெரியாது. அந்தப் பிள்ளைகள் நப்தலின் ஆவியைச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக ஏறும். அந்த மணம் ஒரு தோய்ப்பில் போகாது. நல்ல பட்டு மாதிரிச் சீலை என்று மனம் வராவிட்டாலும் அதை ஒதுக்கிவிட்டு, தினம் உடுத்துத் தோய்க்கிற சீலையைக் கேளுங்கள். அதைச் சாதாரண சவர்க்காரத்தில் தோய்த்து, இரண்டு தரம் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, அயர்ன் பண்ணி, பொலித்தீனில் கட்டிவிடுங்கள். மணக்கும் கொம்போர்ட் தேவையில்லை. உங்கள் தேதி மாரியில் விழுந்தால் இதை இப்போதே செய்யவேண்டும். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் நிலாவெளியில் ஒரு சீலை காய இரண்டு நாள் பிடிக்கும், காய்ந்த பிறகும் பூஞ்சண மணம் நிற்கும்.

இனிச் சின்னப் பை. பெரிய, மெதுமையான துணி மூன்று. ஒன்று பிள்ளையைத் துடைக்க, ஒன்று சுற்ற, ஒன்று மேலதிகமாக. ஏன் இரண்டு தனித்தனி என்றால், பிள்ளை நனைந்தபடி வருகிறது. அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோய்விடும். துடைத்த துணியாலேயே சுற்றினால் ஈரத்துக்குள் சுற்றியது மாதிரி. கச்சான் காற்று அனலாய் அடிக்கும் ஆடி மாதமாக இருந்தாலும் அந்த முதல் நிமிஷத்தில் பிள்ளைக்குக் குளிர்தான். தலை பெரிது, சூடு போவதும் அதனால் கூட, ஆகவே ஒரு தொப்பி. அதற்குப் பிறகு ஒரு சட்டை, நாலு நப்பி. சட்டை முன்பக்கமோ பின்பக்கமோ திறந்து நாடா கட்டுவதாக, கை அகலமாக இருக்கட்டும். வீட்டுக்கு விடமுதல் இடது மேற்கையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவார்கள், தலையால் போடும் இறுக்கச் சட்டையைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு.

உங்களுக்கு அதே பையில் முன்பக்கம் பொத்தான் வைத்த ஒரு சோட்டி, கடும் நிறத்தில். பிள்ளையைப் பிறந்தவுடன் உங்கள் வெறும் நெஞ்சில் போடுவார்கள், ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கவேண்டும். தலையால் போடும் நைட்டி அதற்கு உதவாது. பெரிய பேட் ஒரு பக்கெட், இரண்டு உள்ளாடை, ஒரு துவாய், உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் போத்தல். சாய்ந்து கிடந்தபடி சாதாரண போத்தலில் குடித்தால் கழுத்தெல்லாம் நனையும். இவ்வளவுதான் சின்னப் பை.

பத்திரங்கள் பையில் போகக் கூடாது, அவை உங்கள் கையில். கர்ப்பவதிப் பதிவட்டை, அதாவது எச் 512 அட்டை, எல்லாவற்றுக்கும் மேல். உங்கள் இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, பிரஷர், முன்பு இருந்த வருத்தம் எல்லாம் அதில் இருக்கிறது. மயங்கிப் போனாலும் உங்களுக்காகப் பேசுவது அந்த அட்டைதான். ஸ்கான் ரிப்போர்ட்டுகள், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், அடையாள அட்டை இவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் அதனோடு சேர்த்து வையுங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அனுமதிக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். பிள்ளை பொசிட்டிவாக இருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு ஓர் ஊசி போடவேண்டும். சீனி, தைரொயிட், பிரஷர் என்று குளிசை எடுப்பவர்கள் அந்தக் குளிசையைக் கவரோடு கொண்டு போகவேண்டும். "வெள்ளைக் குளிசை, சின்னது" என்று சொன்னால் அங்கே யாருக்கும் விளங்காது.

கணவர் கட்டாரில் என்பதால் உங்களுக்கு ஒரு வேலை கூட. கலியாணப் பதிவுச் சான்றிதழின் பிரதி, அவருடைய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை இப்போதே வாட்ஸ்அப்பில் எடுத்து அச்சடித்து வீட்டில் வையுங்கள். பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது தகப்பன் விபரம் எழுத்துப் பிசகாமல் வேண்டும். பதிவது பிறந்த இடத்துப் பதிவாளரிடம், ஆகவே நீங்கள் நிலாவெளி என்றாலும் பதிவு டவுன் பக்கம்தான். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகிவிடும், அதற்கு அலைச்சல் வேறு. இன்னொன்று, கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். நடுச்சாமத்தில் வலி வந்தால் அங்கே இன்னும் சாமம் ஆகியிருக்காது, தயங்காமல் எடுக்கலாம். ஆனால் முதல் ஃபோன் அவருக்கல்ல, ஓட்டோக்காரருக்கு.

பெரிய பையில் வார்டுக்கானது. சோட்டி இன்னும் மூன்று, உள்ளாடை ஐந்தாறு. உள்ளாடையின் இடுப்புப் பட்டி தொப்புளுக்கு மேலே வருவதாக இருக்கட்டும், சிசேரியன் ஆனால் பட்டி வெட்டின இடத்தில் அழுத்தாது. பால் கொடுக்கும் பிரா இரண்டு, இப்போதைய அளவுக்கு ஒரு அளவு பெரிது, உள்ளே கம்பி இல்லாதது. மூன்றாம் நான்காம் நாள் பால் கட்டும்போது ஏன் சொன்னேன் என்று தெரியும். பேட் இன்னும் இரண்டு பக்கெட். இரத்தப்போக்கு முதல் இரண்டு மூன்று நாள் மாதவிலக்கை விடக் கடுமையாக இருக்கும், பிறகு குறைந்து நிறம் மாறி ஆறு கிழமை வரைக்கும் இழுக்கும், அது வழமை. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் வெட்கப்படாமல் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். "சும்மா தொந்தரவு கொடுக்கக் கூடாது" என்று வாய் மூடிக் கிடக்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ரப்பர் சிலிப்பர் ஒன்று, வழுக்காதது, ஏனென்றால் பாத்ரூம் நிலம் எப்போதும் ஈரம். படுக்கை விரிப்பு இரண்டு, ஒரு ரப்பர் ஷீட். சவர்க்காரம், பற்பசை, சீப்பு. தலைமுடி நீளமென்றால் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு போங்கள், மல்லாந்து கிடக்கும்போது ஒற்றைப் பின்னல் முதுகுக்கு அடியில் கயிறு மாதிரிக் குத்தும். மூக்குக் கண்ணாடி போடுபவர் அதன் கூட்டையும் எடுங்கள். ஃபோன் சார்ஜரும் பவர் பேங்கும், ஏனென்றால் ஒரு பிளக்குக்கு நாலு பேர் நிற்பார்கள். நாலைந்து தொலைபேசி இலக்கங்களைக் கடதாசியிலும் எழுதி அட்டைக் கவரில் வையுங்கள். பிளாஸ்க், கப், கரண்டி, ஒரு பிளேட். சில்லறைத் தாளாகக் கொஞ்சக் காசு. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை, காசு வெளியில் தேத்தண்ணிக்கும் ஓட்டோவுக்கும்தான்.

பிள்ளைக்கு நப்பி இருபத்துநாலு. அதிகம் என்று நினைப்பீர்கள், இரண்டு நாளில் முடியும். சாதாரணப் பிரசவமென்றால் அநேகமாக ஒன்றிரண்டு நாள் நிற்பீர்கள், சிசேரியன் என்றால் மூன்று நாலு. வார்டில் தோய்த்துக் காயப்போட வசதி குறைவு, ஆகவே அழுக்குத் துணிக்கு ஒரு வேறு பை, பார்க்க வருபவர் தினமும் அதைக் கொண்டுபோய்த் தோய்த்து வரட்டும். பம்பர்ஸ் கூடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், வீட்டுக்குப் போகும் வழிக்கும் இரவுக்கும் ஐந்தாறு வையுங்கள். ஆனால் முதல் நாட்களில் துணி நப்பியில் ஒரு நன்மை இருக்கிறது, எண்ணலாம். பால் போதுமா என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். பதில் நப்பியில் இருக்கிறது. முதல் நாள் ஒன்றிரண்டு தரம் நனைந்தால் போதும், நாலைந்தாம் நாள் ஆகும்போது ஆறு தரத்துக்குக் குறையக் கூடாது. பம்பர்ஸ் அந்த ஈரத்தை உள்ளே வைத்து மறைத்துவிடும். முதல் மலம் கறுப்பாகத் தார் மாதிரி ஒட்டும், அதைக் கண்டு பயப்படவேண்டாம். சுத்தமான துணியை நனைத்துத் துடைத்தால் போதும், மணக்கும் வைப்ஸ் தேவையில்லை. நப்பிக்கு ஊக்குக் குத்தாதீர்கள், முடிச்சுப் போடுங்கள்.

ஒரு சின்ன நுளம்பு வலையும் வையுங்கள், குடை மாதிரி விரிப்பது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று இந்தப் பக்கத்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. டெங்கு பரப்பும் நுளம்பு பகலில்தான் வரும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலைதான்.

கொண்டு போகக் கூடாதவையும் இருக்கின்றன. பால்மா டின், சூப்பிப் போத்தல், சூப்பி. ஆஸ்பத்திரியில் விடமாட்டார்கள், விட்டாலும் வேண்டாம். முதல் நாள் பிள்ளைக்கு ஒரு தரத்துக்கு வேண்டியது ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவுதான், அதற்குச் சீம்பால் அளவாகச் சுரக்கும். மஞ்சளாய், கொஞ்சமாய் வருகிறது என்று அதைப் பிதுக்கி ஊற்றிய கிழவிகளையும் நான் கண்டிருக்கிறேன். தேன் போத்தலை எந்தப் பெரியம்மா கொண்டுவந்தாலும் ஒரு வயது வரை பிள்ளையின் நாக்கில் தொடவிடாதீர்கள், தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்து பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும். பவுடர், கண் மை, சென்ட் எதுவும் வேண்டாம். பொட்டும் வசம்புக் காப்பும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், கண்ணேறு வார்டுக்குள் அவ்வளவு அவசரமாக வராது. தொப்புள் கொடிக்கும் ஒன்றும் பூசவேண்டாம், அது காய்ந்து தானாக விழட்டும். பிள்ளையைக் குளிப்பாட்டவும் அவசரப்படாதீர்கள், முதல் 24 மணித்தியாலம் போகட்டும். உடம்பில் இருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கல்ல, தோலுக்கு அது நல்லது.

நகையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தாலிக்கொடிதான் கேள்வி. ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போனால் உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது, மின்சாரத்தால் இரத்தம் நிறுத்தும் கருவி பாவிப்பார்கள், உலோகம் பட்ட இடத்தில் சுடும் ஆபத்து உண்டு. அவசரமாக சிசேரியனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஐந்து பவுண் கொடியைக் கழற்றி யார் கையில் கொடுப்பது என்று தாய் அழுவதும் மிஸ்ஸி தவிப்பதும் பார்த்திருக்கிறேன். முன்னதாகவே மஞ்சள் கயிற்றுக்கு மாறிவிடுங்கள், மாமியே கட்டிவிடட்டும். நகப்பூச்சும் வேண்டாம், எட்டாம் ஒன்பதாம் மாதம் விரலில் மருதாணியும் வேண்டாம். விரல் நுனியில் மாட்டும் கருவியால்தான் இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்கிறார்கள், நகத்தின் நிறத்தையும் பார்ப்பார்கள்.

சாப்பாட்டுக்கு மறி பிஸ்கட், பேரீச்சம்பழம், நெஸ்டமோல்ட், இரண்டு சமஹன் பக்கெட். வலி தொடங்கின பிறகு எதைச் சாப்பிடலாம் என்று லேபர் ரூமில் கேட்டுச் சாப்பிடுங்கள். திட்டமிட்ட சிசேரியன் என்றால் வயிறு வெறுமையாக இருக்கவேண்டும், எத்தனை மணியோடு நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்வார்கள், பாசத்தில் யாரும் ஒரு வாய் ஊட்டக் கூடாது. பிறந்த பிறகு சரக்குக் கறி. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, உள்ளி போட்டு இடித்த சரக்கில் பால்சுறாவோ சின்ன மீனோ காய்ச்சிக் கொண்டு வந்தால் யாருக்குத்தான் வேண்டாம் என்று மனம் வரும். அதில் குறை இல்லை. குறை இருப்பது "தண்ணீர் அதிகம் குடிக்காதே, காயம் ஆறாது" என்ற பேச்சில். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும், எடுத்தால் குடிக்கவேண்டும். மரக்கறி, பழம், முருங்கை இலை எல்லாம் சாப்பிடலாம்.

துணைக்கு ஒரு பெண்ணை லேபர் ரூமுக்குள் விடுவார்களா என்பதைக் கிளினிக் நாளிலேயே கேட்டு வையுங்கள், அன்றைக்கு அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் அது மாறும். விடுவதென்றால் பதற்றப்படாத ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாதான் வேண்டும் என்றில்லை.

பை எப்போது தயாராக இருக்கவேண்டும்? அடுத்த கிழமை முடிவதற்குள், 35ஆவது வாரத்துக்குப் பிந்தாமல். தேதி சொன்ன நாளிலேயே பிறப்பது இருபது பிள்ளையில் ஒன்றுதான், மற்றவை தங்கள் விருப்பத்துக்கு வரும். நிலாவெளி பெரியாஸ்பத்திரிக்கு நேர் ரோட்டு, நீங்கள் பாக்கியசாலி. இதை வாசிக்கும் மூதூர், வெருகல், புல்மோட்டைப் பிள்ளைகள் தூரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முதல் "பாதை" என்று நாங்கள் சொல்லும் படகு மறுகரையில் நின்றுவிட்டால் காத்திருப்பதுதான். அப்படி ஓர் இரவு, கொண்டுவந்த துணிப் பையையே தலைக்கு வைத்துக் கரையில் படுத்து வலியில் கிடந்த பெண்ணை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பையை மறந்துவிட்டுப் போகவேண்டிய நேரங்களும் உண்டு. இரத்தம் போனால், பனிக்குடம் உடைந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், கடும் தலையிடியோடு கண் மங்கினால், வலிப்பு வந்தால் அந்த நிமிஷமே வெளிக்கிடவேண்டும், பை பிறகு வரும். பனிக்குடம் உடைந்தால் ஒரு சுத்தமான பேட் வைத்து, நேரத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஓட்டோக்காரர் இரண்டு பேரின் இலக்கம் வைத்திருங்கள், ஒருவர் இரவில் எடுக்கமாட்டார். யாரும் இல்லாவிட்டால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், அதற்குக் காசு இல்லை.

திரும்பி வரும் உடுப்பை இரண்டு பையிலும் வைக்காதீர்கள். அதை வீட்டில் கட்டி அலுமாரியின் மேல் தட்டில் வைத்து, கூட்டிவர வருபவர் கொண்டுவரட்டும். உங்களுக்கு ஒரு தளர்ந்த உடுப்பு, பிள்ளைக்கு ஒரு சட்டை, தொப்பி, சுற்றத் துணி. வெயில் காலமென்றால் ஒரு மெல்லிய சுற்று போதும், கம்பளிக்குள் திணித்தால் பிள்ளைக்கு அவிந்துபோகும். நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள், கை கால் குளிர்ந்திருப்பது கணக்கல்ல. வார்டை விட்டு இறங்க முதல் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கையில் இருக்கிறதா, பிசிஜி போட்டதை அதில் எழுதியிருக்கிறார்களா, பிறப்புப் பதிவுக்கான ஆஸ்பத்திரிப் படிவம் வந்ததா என்று மூன்றையும் பாருங்கள். ஓட்டோவில் நடுவில் இருங்கள், கடற்கரைக் காற்று அடிக்கும் பக்கத்தில் மாமி இருக்கட்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்கள் பகுதி மிட்வைஃபுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். முதல் பத்து நாளுக்குள் அவர் வந்து உங்களையும் பிள்ளையையும் பார்க்கவேண்டும். பிறந்த செய்தி தெரியாமல் அவர் உங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போய்விடக் கூடாது.